கழுவினால் போகும் துரு

அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த சிட்டு, வழி நெடுகக் கணவரின் முதுகோடு பேசிக்கொண்டே வந்தாள். "மெதுவா. பள்ளம் வருது. மெதுவாங்க."

"பிள்ளைத்தாச்சியைக் கூட்டிட்டுப் போனாக்கூட இவ்வளவு மெதுவாப் போக மாட்டேன்," என்றார் அவர். முடிதிருத்தும் கடையை மதியத்துக்குப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு பழைய நீலக் கார். நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு. சிட்டு சினிமாவுக்குச் சின்ன உருவங்கள் செய்பவள். வீடு, ரயில், கப்பல் எதுவானாலும் கைக்கு அடக்கமாகச் செய்து, திரையில் ஊருக்கு அடங்காததாகக் காட்டுவது அவள் தொழில். பெரிய பட்டறை ஒன்றில் பலரோடு சேர்ந்து வேலை பார்த்தவள், அதை விட்டுவிட்டுத் தனியாக ஓர் அறை பிடித்திருந்தாள். இந்தக் கார்தான் தனியாளாக எடுத்த முதல் வேலை. இது சரியாக வந்தால் அடுத்த வேலை வரும். வராவிட்டால், பழைய பட்டறை முதலாளியிடம் போய், "சார், பழைய நாற்காலி காலியா இருக்கா?" என்று கேட்க வேண்டியதுதான்.

கதைப்படி, ஒரு பழைய கார் உடைந்த பாலத்திலிருந்து ஆற்றில் விழ வேண்டும். நிஜக் கார் ஒரு பேக்கரிக்காரருடையது. அவர் அதில் ரொட்டி ஏற்றிக்கொண்டு போவார். அதை ஆற்றில் தள்ள எவனுக்கு மனம் வரும்? எனவே பாலத்தின் விளிம்பு வரை நிஜக் கார் ஓடும். விழுவது சிட்டுவின் கார். முந்தைய காட்சிகளையெல்லாம் போன மாதமே நிஜக் காரை வைத்து எடுத்துவிட்டார்கள். விளிம்புக் காட்சியும் விழும் காட்சியும் மறுநாள் காலையில். அதற்குள் இரண்டையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறத்தைக் கடைசியாக ஒருமுறை ஒத்துப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

காரைச் செய்வதைவிட அதைக் கிழமாக்குவதில்தான் சிட்டுவுக்கு ஆசை அதிகம். முதலில் உடல் முழுக்கத் துருப் பழுப்பு பூசினாள். அதன்மேல் கணவர் கடையிலிருந்து எடுத்துவந்த ஹேர் ஸ்ப்ரேயை அடித்தாள். அது காய்ந்ததும் அதன்மேல் நீலம். பிறகு வெந்நீரில் நனைத்த முரட்டுத் தூரிகையால் அங்கங்கே தேய்த்தாள். தண்ணீர் நீலத்தின் அடியில் போய் ஸ்ப்ரேயைக் கரைக்கும். பிடிமானம் போன நீலம் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். உள்ளே இருக்கும் பழுப்பு எட்டிப் பார்க்கும். நிஜக் காரில் பெயின்ட் உரிவதும் ஏறக்குறைய இப்படித்தானே? மேலே இருப்பது நன்றாகத்தான் இருக்கும். அடியில் இருப்பதுதான் கைவிடும்.

எங்கே தேய்ப்பது என்பதில்தான் சூட்சுமம். துரு சும்மா எங்கேயும் வராது; தண்ணீர் தங்குகிற இடத்தைத் தேடிப் போய்க் குடியேறும். கதவின் அடிவிளிம்பு, சக்கரத்தின் மேல்வளைவு, கண்ணாடி ரப்பரின் கீழ்மூலை. கூரைக்கும் முன்மூடிக்கும் வெயில்தான் எதிரி, அங்கே நிறம் வெளுக்கும். பெட்ரோல் ஊற்றும் மூடிக்குக் கீழே வழிந்த கறை இருக்கும். இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடித் தேடி, தான் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, அந்தக் காரின் மூப்பை அணு அணுவாக ஏற்றியிருந்தாள்.

பேக்கரியின் பின்வாசலில் பேக்கரிக்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார்.

"வா தங்கச்சி. நானே போன் பண்ணலாம்னு இருந்தேன். அப்புறம், வேணாம், நேர்ல பாக்கட்டும்னு விட்டுட்டேன்."

"எதைண்ணே?"

அவர் ஷெட்டுக்குள் போய், காரை மூடியிருந்த துணியைக் கல்யாண மண்டபத்துத் திரையை விலக்குவதுபோல விலக்கினார்.

கார் பளபளத்தது. முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு நீலம். பொத்தல் இல்லை, சிராய்ப்பு இல்லை, பின்பக்கத்துப் பள்ளமும் இல்லை. பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடித்து, பம்பரைக்கூட மெருகேற்றியிருந்தார்கள்.

சிட்டு பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி?" என்றார் பேக்கரிக்காரர். "சினிமாவுல வரப்போகுது. ஊரே பாக்கும். கந்தலும் கூளமுமா அனுப்பினா நம்ம மானம் என்னாகறது? உங்க அண்ணிதான் சொன்னா. ஏழு ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெயின்டரைப் பிடிச்சிட்டு வந்தேன்."

"அண்ணே, போன மாசம் ஷூட்டிங்ல உங்க கார் துருவோடதானே ஓடிச்சு?"

"ஆமா. பாத்தேன். எனக்கே கூச்சமாப் போச்சு. அதான்."

காரைத் தொடாதே என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. தயாரிப்பு மேலாளர் சொல்லியிருப்பார் என்று சிட்டு நினைத்தாள். சிட்டு சொல்லியிருப்பாள் என்று மேலாளர் நினைத்திருப்பார். இதைப் போய்ச் சொல்லணுமா என்று இரண்டு பேருமே நினைத்திருப்பார்கள். தப்பு நடக்க இது போதாதா?

சிட்டு மெல்ல விளக்கினாள். கதாநாயகன் துருப்பிடித்த காரில் ஏறுகிறான், புத்தம் புதுக் காரில் பாலத்துக்கு வருகிறான், மறுபடி துருப்பிடித்த காரில் ஆற்றில் விழுகிறான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

பேக்கரிக்காரரின் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. "அடக் கடவுளே. இப்ப என்ன செய்யறது?"

கணவர் தலையைச் சொறிந்தார். "சின்னக் காரைப் புதுசாக்கிட்டா?"

"எடுத்த காட்சியையெல்லாம் யாருங்க புதுசாக்கறது?" என்றாள் சிட்டு. பெரிய காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு நின்று, கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். "ஒரே வழிதான் இருக்கு. பெருசைப் பாத்துச் சின்னதைச் செஞ்சேன். இப்ப சின்னதைப் பாத்துப் பெருசைச் செய்யணும்."

"செய்யணும்னா?"

"அழுக்காக்கணும்ணே. கழுவினா போற மாதிரி."

பேக்கரிக்காரர் காரின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். "பெயின்ட் இன்னும் சரியாக்கூட ஆறல, தங்கச்சி. பச்சைக் குழந்தை. அது மேல கையை வைக்கலாமா?"

அந்தக் குரல் கேட்டு அவர் மனைவி கடையிலிருந்து வந்தார். முன்கை வரை மாவு. விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்தார். மாவு புடவையில் இரண்டு கையாகப் பதிந்தது.

"ஞாயித்துக்கிழமை எங்க அக்கா வீட்டுக்கு இதே கார்ல வர்றேன்னு சொல்லியிருக்கேன். வருஷக்கணக்கா, 'என்னடி, இன்னும் அந்தத் தகர டப்பாதானா?'ன்னு கேக்கறவ அவ. எனக்கு இந்தப் பளபளப்பு வேணும்."

"ஞாயித்துக்கிழமை பளபளன்னு இருக்கும் அண்ணி. நான் பொறுப்பு."

"வார்த்தை யாருக்கு வேணும்? காட்டு."

நியாயம்தான். கணவர் ஸ்கூட்டரில் போய் அவளுடைய சாயங்களையும் கடையிலிருந்த ஹேர் ஸ்ப்ரேயையும் எடுத்துவந்தார். சிட்டு பெட்ரோல் மூடியின் சின்னக் கதவைத் திறந்து, அதன் உட்புறத்தில் சோதனையைத் தொடங்கினாள். பாதியில் ஹேர் ஸ்ப்ரே. மீதியில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலை மெல்லியதாகத் தடவிக் காயவிட்டு, அதன்மேல் தண்ணீர்ச் சாயம். கொஞ்ச நேரம் கழித்து இரண்டையும் கழுவினாள். சோப்புப் பாதி கண்ணாடி மாதிரி வந்தது. ஸ்ப்ரே அடித்த பாதி வெளுத்து, விரலில் ஒட்டியது. ஆறாத பெயின்ட்டுக்கு அதிலுள்ள சாராயம் ஆகாது.

"கடையிலிருந்த டப்பா பூராவும் எடுத்துட்டு வந்தேனே," என்றார் கணவர்.

"பம்பருக்கு அடிங்க. அது குரோமியம், ஒண்ணும் ஆகாது. மினுமினுப்பு அடங்கும்."

அண்ணி கழுவிய இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். திருப்திதான். ஆனாலும் முகம் இளகவில்லை. அப்போதுதான் சிட்டு பெட்டியைத் திறந்து சின்னக் காரை ஸ்டூல்மேல் வைத்தாள்.

பேக்கரிக்காரரும் அண்ணியும் குனிந்தார்கள். பேக்கரிக்காரர் விரலை நீட்டினார், தொடவில்லை.

"கதவு மேல பெயின்ட் தேஞ்சிருக்கு பாரு," என்றார். "நான் கையை வச்சு ஓட்டற இடம்."

"இது என்ன பள்ளம்?" என்று அண்ணி பின்பக்கத்தைக் காட்டினார்.

"என்னவா? நீ கேட்ல இடிச்சது."

"கேட்டுதான் அன்னிக்குச் சரியாத் திறக்கல."

"கேட்டு நகருமா? நீ நகர்ந்த."

"பெயின்டர் அதையும் எடுத்துட்டானேன்னு நிம்மதியா இருந்தேன்," என்றார் அண்ணி. "இவ அதைப் பத்திரமா எடுத்து வச்சிருக்கா." பிறகு சிட்டுவைப் பார்த்தார். "சரி, செய். ஆனா படம் எடுத்த கையோட, என் கண் முன்னால கழுவணும்."

வேலை தொடங்கியது. முதலில் கார் முழுக்கச் சோப்புப் பூச்சு. அதன்மேல் கூரைக்கும் முன்மூடிக்கும் சுண்ணாம்புத் தூள் கரைத்த தண்ணீர். அது காயக் காய, நீலம் வெயிலில் கிடந்த துணியாக வெளுத்தது. துருவுக்கு அண்ணியே மைதாப் பசை காய்ச்சித் தந்தார். அதில் பழுப்புச் சாயத்தைக் கலந்த சிட்டு, "டீ போட்ட சக்கை இருக்கா அண்ணி?" என்று கேட்டாள். சக்கையைப் பிழிந்து பசையில் போட்டதும், அது பொருக்குத் தட்டிய நிஜத் துருவாகவே மாறியது.

"கோக்கோ தூள் நிறைய இருக்கு, தரட்டுமா?" என்றார் பேக்கரிக்காரர்.

"வேணாம்ணே. எறும்பு நமக்கு முன்னாடி ஷூட்டிங்குக்குப் போயிடும்."

நிறத்தில் ஒரு சிக்கல் இருந்தது. சின்னக் காரின் துருவில் சிட்டு கொஞ்சம் வெள்ளை கலந்திருந்தாள். தூரத்தில் இருக்கும் பொருள் நடுவில் இருக்கும் காற்றால் சற்று வெளிறித்தான் தெரியும். பக்கத்தில் இருக்கும் சின்னக் காரைத் தூரத்துப் பெரிய காராக நம்ப வைக்க, அந்தக் காற்றைச் சாயத்திலேயே கலந்துவிட வேண்டும். பெரிய காருக்கு அது வேண்டாம், நிஜக் காற்றே பார்த்துக்கொள்ளும். எனவே அடர்பழுப்பு. இதை அவள் விளக்கியபோது பேக்கரிக்காரர் காற்றையே ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தார்.

பள்ளம் இனிமேல் வராது. சுத்தியலை எடுத்தால் அண்ணி கையை முறிப்பார். அதை வரைய வேண்டியதுதான். வெளிச்சம் மேலிருந்து விழுவதால் பள்ளத்தின் மேல்பாதி நிழலில் இருக்கும், கீழ்ப்பாதி ஒளியை வாங்கும். "மேல கறுப்பு, கீழ வெளுப்பு, நடுவுல கரையணும்," என்று சிட்டு சொல்லி முடிப்பதற்குள் கணவர் தூரிகையை வாங்கிக்கொண்டார்.

"இதைத்தான் நான் தினமும் பசங்க பின்னந்தலையில பண்றேன். நகரு."

அவர் வரைந்த பள்ளத்தை அண்ணி கை வைத்துத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. மறுபடி தள்ளி நின்று பார்த்தார். பள்ளமாக இருந்தது. "இடிச்சதைவிட நல்லா இருக்கு," என்றார்.

பேக்கரிக்காரர்தான் ஆச்சரியம். மதியம் துருவுக்குக் கூச்சப்பட்ட மனிதர், மாலைக்குள் துருவுக்கே மேஸ்திரியாகிவிட்டார். "அங்க இல்ல தங்கச்சி, இன்னும் ஒரு விரல் பின்னாடி. சின்னதைப் பாரு. ஆங், அங்கதான். அது இவ்வளவு வட்டமா இருக்காது, கொஞ்சம் கிழிஞ்சாப்பல இருக்கும்." கடைசியில் மாவு சலிக்கும் சல்லடையைத் தானே எடுத்துவந்து, உலர்ந்த மண்ணைச் சக்கரங்களின் பக்கம் சீராகத் தூவினார். ரொட்டிமேல் மாவு தூவிப் பழகிய கை. ஒரு திட்டு அதிகம் விழவில்லை.

மறுநாள் வானம் வெளுப்பாக இருந்தது, மழை இல்லை. கார் பாலத்துக்கு ஊர்ந்து வந்தது, விளிம்பில் நின்றது. பிறகு கீழே கட்டியிருந்த சின்னப் பாலத்திலிருந்து சிட்டுவின் கார் குட்டிக்கரணம் போட்டுத் தண்ணீரில் விழுந்தது. இயக்குநர் இரண்டு காட்சியையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தார். சிட்டு மூச்சை எங்கோ வைத்துவிட்டு நின்றாள். பேக்கரிக்காரர் அவள் பின்னால் நின்றார்.

இயக்குநர் மறுபடி ஓட்டினார். நெற்றியைச் சுருக்கினார்.

"ஹீரோ முடி ஏன் அப்படிப் பறக்குது? அதை மட்டும் அடக்குங்க, நடிகர் முகத்தை இன்னொரு தடவை கிட்டத்துல எடுத்துக்கலாம்," என்றார். எழுந்து டீ குடிக்கப் போனார்.

"கார்?" என்று பேக்கரிக்காரர் கிசுகிசுத்தார். "காரைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே. நான் போய்க் கேக்கட்டா?"

சிட்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மூச்சு திரும்பி வந்திருந்தது. "கேட்டுடாதீங்கண்ணே. அவர் கண்ணு முடிக்குப் போச்சுன்னா காரை நம்பிட்டார்னு அர்த்தம். காரைப் பத்தி ஒரு வார்த்தை வந்திருந்தாதான் நான் செத்தேன்."

"அப்ப இவ்வளவு கஷ்டப்பட்டதை யார்கிட்டதான் சொல்லிக்கறது?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அதான் இந்த வேலை."

அது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதற்குள் தூரத்தில் அண்ணி குழாயும் வாளியுமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, காரை நோக்கி ஓடினார்.

தயாரிப்பு மேலாளர் போனைக் காதில் வைத்தபடியே சிட்டுவிடம் வந்தார். "அடுத்த மாசம் ஒரு லாரி வேணும்மா. மலையிலேர்ந்து உருளணும். நல்லா அடிபட்ட, பழைய லாரி. உன்னால முடியுமா?"

"முடியும் சார்," என்றாள் சிட்டு. கையில் காய்ந்திருந்த மைதாப் பசையை உதிர்த்துக்கொண்டே சேர்த்துச் சொன்னாள்: "முதல்ல அந்த லாரிக்காரர் நம்பரைக் குடுங்க. இன்னைக்கே பேசிடறேன்."