பதில் சொல்லாத நூகு

1951ஆம் ஆண்டு நவம்பர் பதினொன்றாம் தேதி, மாதா கோயில் கடிகாரம் பதினொன்று அடித்து முடித்ததும், முன்னாள் சொல்தாக்கள் சங்கத்தின் காரைக்கால் கிளையில், போரில் இறந்துபோன வீரர்கள் இருபத்திரண்டு பேர் தங்கள் பெயர் வாசிக்கப்பட்டபோது உரத்த குரலில் ஆஜர் சொன்னார்கள். கொடிக்கம்பத்தில் உட்கார்ந்திருந்த காக்கைகள் ஒன்றாகக் கிளம்பிப் பறந்தன. வாசலில் நின்ற வண்டி மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு அரசலாற்றுப் பக்கம் ஓடியது. அதை மாலையில்தான் பிடிக்க முடிந்தது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்தவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். முதல் உலகப் போர் முடிந்த அந்தத் தேதியில் கிளைத் தலைவர் இறந்தவர்களின் பெயர்களைப் படிப்பதும், ஒவ்வொரு பெயருக்கும் அங்கத்தினரில் மூத்தவர் ஒருவர் “வீரமரணம்” என்று பதில் சொல்வதும் வழக்கம். தலைவர், தருமபுரத்தில் குடியிருந்த சார்ஜன்ட் அடைக்கலராஜ். பதில் சொல்கிறவர், பீரங்கிப் படையில் இருந்த பிலோமின்ராஜ். அன்று பிலோமின்ராஜ் வாயைத் திறப்பதற்குள் கம்பத்தின் உச்சிக்குச் சற்று மேலேயிருந்து “பிரெசான்”, அதாவது ஆஜர், என்று பிரெஞ்சில் குரல் வந்துவிட்டது. முதல் உலகப் போரில் பனியில் செத்தவரின் குரல் கரகரத்தது. சிரியாவில் செத்த கோட்டுச்சேரிமேட்டுக்காரர், உயிரோடு இருந்தபோதும் அணிவகுப்புக்குத் தாமதமாக வருகிறவர்; இரண்டு முறை கூப்பிட்ட பிறகே பதில் சொன்னார். அடைக்கலராஜ் பட்டாளத்துக்காரர். ஆஜர் சொன்னவர்கள் பெயருக்கு நேரே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

இருபத்து மூன்றாவது பெயர் நூகு. இந்தோசீனாவின் வடக்கு மலையில் ஒரு கோட்டையில் இருந்தவன். காணாமல் போனான், இறந்ததாகவே கருதப்படுகிறான் என்று அந்த ஆண்டு ஜனவரியில் பட்டாளத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அடைக்கலராஜ் மூன்று முறை கூப்பிட்டார். கம்பத்துக்கு மேலே சத்தமே இல்லை. காலையிலிருந்து வேலையில்லாமல் நின்ற பிலோமின்ராஜ் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தார். பெண்கள் பந்தலில் வெள்ளைத் துப்பட்டிக்குள் நின்றிருந்த நூகுவின் மனைவி கமருன்னிசா முன்னால் வந்தாள்.

“அண்ணே, அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. செத்தவங்க எல்லாரும் பதில் சொல்லிட்டாங்க. இவங்க சொல்லல. அப்ப இவங்க அங்க இல்ல.”

பிலோமின்ராஜ் இழுத்த மூச்சை அப்படியே விட்டார். கிளையின் நடவடிக்கைப் புத்தகத்தில் அன்று, ஆஜர் இருபத்திரண்டு, நூகு பதில் இல்லை என்று எழுதப்பட்டது.

அதன் பிறகு கிளைக்கு நல்ல காலம். முப்பத்தொரு பேராக இருந்த அங்கத்தினர் ஒரே ஆண்டில் தொண்ணூறு பேரானார்கள். இறந்த வீரர்களின் பெண்டுபிள்ளைகள் மாட்டுவண்டியிலும் பஸ்ஸிலும் வந்து, ஆண்டுக்கு ஒரு சொல் கேட்டுவிட்டுத் திருப்தியாகத் திரும்பினார்கள். புதுச்சேரியிலிருந்து புது முரசு ஒன்று வந்தது. கால்பந்தில் கிளை அணி சுங்கத்துறைச் சிப்பந்திகளை மூன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றது.

கமருன்னிசாவுக்கு மட்டும் வேறு கவலை. அவளுடைய அண்ணன் கமாலுதீன் அம்பகரத்தூரில் நெல் வியாபாரி. புருசனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தா நாட்களைத் தங்கை இருந்து முடித்ததும் நாகூர் ஜவுளிக்கடை முதலாளி ஒருவருக்கு அவளைக் கட்டிவைப்பதாகப் பேசி முடித்திருந்தான். குரல் வராததெல்லாம் ஒரு சாட்சியா என்று காஜியாரிடம் வழக்குக் கொண்டுபோனான்.

“வெடிச்சத்தத்துல காது செவிடாயிருக்கும் மச்சானுக்கு. செத்தும் கேக்கல. அதுக்கு எந்தங்கச்சி காலமெல்லாம் பஸ் ஏறி வந்து கொடிக்கம்பத்தைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?”

காஜியார் நிதானமான மனிதர். 1952இல் குடையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அவர் சொன்னபடி இரண்டு பெயர்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஒன்று, அந்த ஜூலையில் சொந்தக் கட்டிலில் காய்ச்சல் கண்டு இறந்த சேக் அலாவுதீன். மற்றொன்று, ரொட்டிக் கிடங்கு வைத்திருந்த பீர் மைதீன்; அவர் உயிரோடு, மூன்றாம் வரிசையில், வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு உட்கார்ந்திருந்தார். அலாவுதீன் பெயரைச் சொன்னதும் மேலேயிருந்து முதலில் அவருடைய இருமலும் பிறகு ஆஜரும் வந்தன. பீர் மைதீன் பெயருக்கு மேலேயிருந்து ஒன்றும் வரவில்லை. அவர் மட்டும் வியர்த்து விறுவிறுத்து மூன்று தம்ளர் நன்னாரி சர்பத் குடித்தார். கடைசியாக நூகு என்று கூப்பிட்டார்கள். அமைதி.

காஜியார் குடையை மடக்கினார். “போனவரு பதில் சொல்றாரு, இருக்கிறவரு சொல்லல. வருசா வருசம் கூப்பிடுங்க. பதில் வர்ற அன்னைக்கு இந்தப் புள்ள இத்தா உக்காரட்டும். அதுவரைக்கும் அது நூகு பொஞ்சாதி.”

ஆகவே கமருன்னிசாவின் வாழ்வு ஆண்டுக்கு ஒரு முறை, அரை நிமிஷ அமைதியில் தொங்கியது. நாகூர் முதலாளியும் பொறுமைசாலி. நவம்பர் பதினொன்று வந்தால் கறுப்புக் காரில் வந்து, கேட்டுக்கு வெளியே இறங்கி, காதில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். உள்ளே கமருன்னிசா கண்ணை மூடி நிற்பாள். நூகு என்ற பெயர் விழுந்த கணத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ சொல்வாள். பக்கத்தில் நிற்கும் அடைக்கலராஜின் மனைவி டெய்சி, அது ஓதல் என்று நினைத்திருந்தாள். எந்த துவா என்று ஒரு முறை கேட்டதற்கு, “எல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான் அக்கா” என்று கமருன்னிசா சிரித்தாள். 1953இலும் பதில் இல்லை. முதலாளி காரில் ஏறிப் போனார்.

1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. ஊர் மூன்று நாள் பட்டாசு வெடித்தது. பத்து நாள் கழித்துக் கூட்டம் நடத்த அனுமதி கேட்டுப் போன அடைக்கலராஜிடம், இனிப் பெயர்களை எந்த மொழியில் கூப்பிடுவீர்கள் என்று புது அதிகாரி விசாரித்தார். “நாங்க மாத்திக்குவோங்க. மேல இருக்கிறவங்களுக்குப் புது உத்தரவை யாரு கொண்டுபோய்க் குடுக்கிறது?” என்றார் அடைக்கலராஜ். அதிகாரி யோசித்துப் பார்த்துவிட்டு, பழையபடியே நடக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார்.

பதினொன்றாம் தேதி மழை விட்டு வெயில் அடித்தது. முன்னூறு பேர் கூடியிருந்தார்கள். புது முரசு அதிர்ந்தது, கடிகாரம் பதினொன்று அடித்தது, இறந்தவர்கள் ஒருவர் விடாமல் ஆஜர் சொன்னார்கள். அடைக்கலராஜ் காகிதத்தின் கடைசி வரிக்கு வந்தார்.

“நூகு.”

“பிரெசான்.”

கமாலுதீன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். பிலோமின்ராஜ் கண்ணைத் துடைத்தார். நாகூர் முதலாளி மூன்று ஆண்டுகளாகக் காத்திருந்த சொல் கிடைத்துவிட்டதில் ஒரு காலைக் கேட்டுக்குள் வைத்தார். டெய்சி, கீழே சாயப்போகும் கமருன்னிசாவைத் தாங்கக் கையை நீட்டினாள். ஆனால் கமருன்னிசா சாயவில்லை. கூட்டம் முழுவதும் அண்ணாந்து கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும் கேட்டைப் பார்த்தாள். அங்கே முதலாளியின் தோளுக்குப் பின்னால், கையில் தகரப் பெட்டியோடு, பாதி உடம்பாக மெலிந்த ஒருவன் விறைப்பாக நின்று சலாம் வைத்துக்கொண்டிருந்தான். போர் நின்று கைதிகள் விடுதலையாகி, கப்பலும் ரயிலும் மாறி அன்று காலைதான் காரைக்காலில் இறங்கியிருந்தான் நூகு. முரசுச் சத்தம் கேட்டு நேராக இங்கே வந்துவிட்டான்.

அதற்கு மேல் அணிவகுப்பு நிற்கவில்லை. நூகுவைத் தோளில் தூக்கிக்கொண்டு தொண்ணூறு சொல்தாக்கள் கடற்கரைவரை போய்த் திரும்பினார்கள். ஜவுளி முதலாளியின் கறுப்புக் கார் ஊர்வலத்தின் முன்னால் போக நேர்ந்தது. கூட்டத்தில் வேறு வழியாகத் திரும்ப அதற்கு இடமில்லை. முதலாளி நல்ல மனிதர். கடையிலிருந்து ஒரு பட்டுக் கைலி அனுப்பினார். கமாலுதீன் நெய்ச்சோற்றுக்கு அரிசி கொடுத்தான். காஜியார் இரண்டு தட்டு சாப்பிட்டார். பிலோமின்ராஜ் நடவடிக்கைப் புத்தகத்தில், நூகு ஆஜர், நேரில், என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தார். மறு ஆண்டு முதல் நூகு பட்டியலைத் தாங்கிப் பிடிக்கிறவனாக நின்றான். மேலேயிருப்பவர்கள் வழக்கம்போல் பதில் சொன்னார்கள். யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

நூகு திரும்பி வந்த அன்றைய பந்தியில் அடைக்கலராஜ் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்பினார். இந்த மூன்று ஆண்டும் தொண்டை கிழியக் கூப்பிட்டேனே, ஒரு தடவைகூட அங்கே கேட்கவில்லையா என்று நூகுவிடம் கேட்டார்.

நூகு சோற்றுக் கையோடு பெண்கள் பக்கம் திரும்பி, தண்ணீர்ச் செம்போடு நின்ற மனைவியைப் பார்த்தான்.

“கேட்டுச்சு அண்ணே. மூணு வருசமும் முகாமுல கஞ்சி வரிசையில, நிக்க முடியாம நிக்கிறப்ப கேட்டுச்சு. பதில் சொல்லிட்டுப் படுத்துரலாம்னு வாயெடுத்தா, உங்க சத்தத்துக்கு மேல இவ சத்தம், ‘மச்சான், வாயைத் தொறந்தீங்கன்னா பாத்துக்கங்க’ன்னு.”