மொராக் அக்காவின் கல்வெட்டு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பினாங்கில் விநாசித்தம்பி என்றொருவர் அறுபத்திரண்டு சிறு நூல்கள் எழுதினார். அவருடைய பாத்திரம் ஒன்றுகூட அவரைக் குறை சொன்னதில்லை, எல்லாரும் செத்துப்போனவர்கள். யாழ்ப்பாணத்தார் வீட்டில் சாவு விழுந்தால், முப்பத்தொன்றாம் நாள் போனவரின் வாழ்க்கையைப் பாட்டாக்கி அச்சிட்டுக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் கல்வெட்டு. எனக்கு வாய்க்கிற பாத்திரங்களோ உயிரோடிருந்து கழுத்தறுக்கிறார்கள். சரி, அவருக்கும் ஒன்றை அனுப்பிவைப்போம் என்றுதான்

2

எழுபத்தெட்டாம் வருஷம். ஜார்ஜ் டவுனில் மழை பெய்து

(அடித்துவிட்டேன். மழையைக் கூப்பிடாமல் ஒரு கதையாவது தொடங்க வேண்டும்.)

தண்ணீர்மலைச் சாலையில் கிளார்க் ஐயாத்துரை வீட்டிலிருந்து ஆள் வந்தது. விநாசித்தம்பி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். ஐயாத்துரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஸ்காட்லாந்து மனைவி மொராக் அக்கா, முப்பது வருஷத் தமிழில் வரவேற்றார்.

"அப்ப கல்வெட்டு யாருக்குக்கா?"

"எனக்குத்தான் தம்பி. செத்தப்புறம் எப்படி செக் பண்றது?"

3

விநாசித்தம்பியிடம் பெண்களுக்கென்று ஓர் அச்சு உண்டு. ஊர்ப்பெருமை, அடுக்களை, கைத்தொழில். அதிலேயே வார்த்து வாசித்தார்.

"என்ன கைத்தொழில்?" என்று கேட்டார் அக்கா.

"பின்னல்னு நெனைச்சிக்குவாங்க. நல்லதுதானேலா," என்றார் விநாசித்தம்பி, பினாங்குக்காரரின் 'லா'வோடு.

"ஷெல், தம்பி. பீரங்கிக் குண்டு."

யுத்தகாலத்தில் கிளாஸ்கோ பக்கத்துத் தொழிற்சாலையில் குண்டுகளை அளந்து பார்த்து, சரியென்று முத்திரை குத்துவது அக்காவின் வேலை.

"ஒரு வெள்ளிக்கிழமை, டான்சுக்குப் போற அவசரம். நாப்பது ஷெல்லைப் பாக்காமலே குத்திட்டேன். வெடிச்சிருந்தா ஜெர்மன்காரன் எவனோ செத்திருப்பான். வெடிக்காம போயிருந்தா, அதை நம்பி நின்ன எங்க பையன் செத்திருப்பான். முப்பத்தாறு வருஷமா எதுன்னு தெரியல. அதைப் பாட்டுல போடு."

"கோயில் ஆளுங்க கையில குடுக்கிற புக்குலா," என்றார் ஐயாத்துரை, பேப்பருக்குள்ளிருந்து.

"அதை விட்டுட்டு எழுதினா, செத்தது வேற யாரோ."

[ஐயாத்துரையை இங்கே எழுப்பி வெளியே அனுப்ப மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மனுஷன் அசையவில்லை.]

4

விநாசித்தம்பிக்கு மூன்று வரி தடையில்லாமல் வந்தது:

நாற்பது குண்டினை நாட்டிய விருப்பால்
பார்த்திடா தொருத்தி பழுதில என்றே
ஏற்றுமுத் திரையிட, ஏகிய அவைதாம்

நாலாவது வரியில் 'வெடித்தன' என்றார். அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டார். 'வெடித்தில', அதாவது வெடிக்கவில்லை, என்று விநாசித்தம்பி மாற்றினார். அக்கா அழுதுவிட்டார். கல்வெட்டுக்கு உரியவரே அழுது விநாசித்தம்பி பார்த்ததில்லை.

"பாதி பாதி போடுங்க," என்றார் ஐயாத்துரை.

"அப்ப ரெண்டு பக்கமும் செத்திருப்பாங்க."

"அக்கா, நீங்க போனப்புறம் எழுதுறேனே."

"பாக்காம விட்டது ஒரு தடவை போதும், தம்பி."

விநாசித்தம்பி கோப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

5

ஆசாமி ஓடிவிட்டதால் பொறுப்பு என் தலையில். எழுத்தாளன் நான், முடிவு என் பேனாவில். இரண்டு முடிவையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் ஒரு பையனை நான் கொன்றேன். இரண்டாவதில் இன்னொருவனை. மூன்றாவதாக, அந்த நாற்பதும் கப்பலோடு கடலில் மூழ்கின என்று

(கப்பலில் ஆட்கள் இருப்பார்களே.)

எனக்குக் கை வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயமாக இருக்கிறது.

தாள் மேசையில் கிடக்கிறது. மொராக் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாலாவது வரியை நீங்கள் எழுதுங்கள். எது வேண்டுமானாலும் எழுதலாம். ஒரே நிபந்தனை, அதை அவர் எதிரில் நின்று நீங்களே வாசிக்க வேண்டும்.