கை உயர்த்தாத கூட்டம்

சன்னலோரம் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையின் நிவாரணத்துக்கு லண்டனிலிருந்து வந்த ஹெலன், கதவருகே தமிழ் மீனவர் தலைவர் வினாயகமூர்த்தி, எதிர்ச்சுவரோடு காத்தான்குடி முஸ்லிம்களுக்காக வந்த ஸஹீதா, மேசையில் கூட்ட முடிவைக் கடிதமாக எழுதும் பிரஷாந்தி. சுனாமி அடித்து ஆறு மாதம். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான எட்டுத் தோணிகளை எந்தத் துறையில் கட்டி நிறுத்துவதென்ற முடிவு லண்டனில் சபைக்குப் போனால்தான் தோணிகள் வரும். பிரஷாந்தியின் அண்ணன் தொழிலில்லாமல் அதற்காகவே காத்திருந்தான்.

“எங்கட துறையில கட்டுவம். கை உயர்த்துங்க, அலுவல் முடிஞ்சுது,” என்றார் வினாயகமூர்த்தி.

பிரஷாந்தியின் கை தன்பாட்டில் உயர்ந்தது. ஹெலன் தலையசைத்து மறுத்தாள். முதலாம் உலகப் போரில் அகதிகளுக்கு வீடு கட்டியபோதும் குவேக்கர் வாக்கெடுக்கவில்லை. ஒரே ஒருவருக்கு மனம் ஒப்பாவிட்டாலும், அவருக்கும் ஒப்பும்வரை பேசாமல் காத்திருப்பார்கள். ஸஹீதாவுக்கு ஒப்பவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள்.

“செத்த வீடு மாதிரிக் கிடக்கு,” என்று முனகிய வினாயகமூர்த்தி, கடைசியில் ஸஹீதாவைக் கேட்டார்: “உனக்கு என்ன புள்ள தடை?”

“அந்தச் சண்டையளுக்குப் பிறகு உங்கட துறைக்கு வர எங்கட ஆம்பிளையளுக்குப் பயம், அண்ணன்.”

“நான் றோட்டில நிண்டு கூட்டிக்கொண்டு போறன்.”

“எத்தன நாளைக்கு?”

“பயம் போகுமட்டும். நான் வீட்டில இல்லாட்டி என்ர பொஞ்சாதிக்கும் நிம்மதி.”

ஸஹீதா சிரித்துவிட்டாள். “அப்ப சரி.”

பிரஷாந்தி முடிவோடு அவர் கொடுத்த வாக்கையும் எழுதி, எல்லாருக்கும் வாசித்துக் காட்டி, உறையை ஒட்டிக் கொழும்பு பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள்.