பொன்னாடை யாருக்கு?

ஜானவியின் கல்யாணத்தில் எனக்கு ஒரே ஓர் ஆசைதான். மாலை மாற்றும்போது அவளுடைய இரண்டு மாமாக்களும் ஆளுக்கொரு பக்கம் நின்று அவளைத் தோளில் தூக்க வேண்டும். ஒருவர் இல்லாமல் ஒருவர் தூக்கினால் மண்டபம் முழுக்க அதைத்தான் பார்க்கும், பெண்ணை யார் பார்ப்பார்கள்? சாம்பார் தண்ணீராக இருந்தாலும் சரி, நாதஸ்வரம் அபஸ்வரமாக இருந்தாலும் சரி, இது ஒன்று நடந்தால் போதும் என்று இருந்தேன்.

மாமாக்கள் என்றால் என் கூடப் பிறந்தவர்கள். மூத்தவர் பஞ்சாபகேசன், எனக்குப் பஞ்சு அண்ணா. இளையவன் சேஷன். வலியசாலையில் ஒரே தெருவில் எதிரெதிர் வரிசையில் குடியிருந்துகொண்டு, பத்து வருஷத்துக்கு மேலாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சொத்துச் சண்டை என்றால் வெளியில் சொல்லிக்கொள்ளவாவது ஒரு கௌரவம் இருக்கும். இவர்கள் சண்டை பிடித்தது பஞ்சாங்கத்துக்காக. அந்த வருஷம் அப்பாவின் திதி வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒரு நாளும், திருக்கணிதத்தில் மறுநாளும் வந்தது. அண்ணா வாக்கியம், சேஷன் திருக்கணிதம். "நாள் தப்பி அப்பாவைக் கூப்பிட்டவர்" என்று இவன் சொல்ல, "அப்பாவை ஒரு நாள் பட்டினி போட்டவன்" என்று அவர் சொல்ல, அன்றோடு திதியும் இரண்டானது, குடும்பமும் இரண்டானது. அப்புறம் வந்த வருஷங்களில் இரண்டு பஞ்சாங்கமும் சமர்த்தாக ஒரே நாளைத்தான் சொல்லின. இவர்களுக்குத்தான் புத்தி வரவில்லை.

நான் அந்தத் தெருக்கோடியில் இருக்கிறேன். ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் யாராவது ஒருவர் கூப்பிடுவார். "அவன் பைக்கை எங்காத்து வாசல்ல வைக்கப்படாதுன்னு சொல்லு." "அவருக்குச் சுகர் ஏறியிருக்காமே, நான் கேட்டேன்னு சொல்லாம கேட்டுண்டு வா, அக்கா." நான் போய்ச் சொல்வேன். கேட்டதை அப்படியே கொண்டுபோய்க் கொட்ட மாட்டேன். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, வசவையெல்லாம் வழியிலேயே பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைத்தான் கொடுப்பேன். எங்காத்துக்காரர் இதிலெல்லாம் தலையிட மாட்டார். "உன் பிறந்தாம், உன் பாடு" என்று பேப்பரை விரித்துக்கொள்வார். அலுத்துப் போய்விட்டது எனக்கு. சத்தியமாக அலுத்துப் போய்விட்டது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஜானவி பெயரில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேண்டும் என்று இரண்டு பேரையும் தனித்தனியே வரச் சொன்னேன். ஒருவர் வருவது இன்னொருவருக்குத் தெரியாது. கோயில் வாசலில் ஆளுக்கொரு தேங்காயோடு நேருக்கு நேர் நின்றார்கள். அவர்கள் முறைத்துக்கொண்ட முறைப்பில், தேங்காயைப் பிள்ளையாருக்கு உடைப்பார்களா, ஒருவர் மண்டையில் ஒருவர் உடைப்பார்களா என்று எனக்குத் திக்கென்றது.

"பாகீ, இவன் எதுக்கு வந்தான்னு கேளு," என்றார் அண்ணா.

"பிள்ளையார் ஒருத்தருக்கு மட்டும் சொந்தமில்லையாக்கும்னு சொல்லு, அக்கா," என்றான் சேஷன்.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. அந்த ஒரு முழத்தில் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் திரும்பி ஒன்றும் அந்தப் பக்கம் திரும்பி ஒன்றும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் வரிசையில் நின்றவர், "சேச்சீ, ஒந்நு மாறிக்கே," என்று மலையாளத்தில் விலகச் சொல்லிப் பொறுமை இழந்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

"என்னால முடியலை! இந்தத் தேங்காயை எந்தலையில உடைச்சுட்டு ரெண்டு பேரும் ஆத்துக்குப் போங்கோ! நான் போனப்புறம் யாரை வெச்சுண்டு சண்டை போடறேள்னு பாக்கறேன்!" என்று அந்தக் கூட்டத்தில் கத்தினேன். கத்தினதோடு விட்டேனா, விக்கி விக்கி அழவும் செய்தேன்.

"சரி, போறும், எல்லாரும் பாக்கறா," என்றார்கள் இரண்டு பேரும். ஒரே குரலில், ஒரே நேரத்தில் சொன்னார்கள். தேங்காய்களும் ஒரே நேரத்தில்தான் உடைந்தன. அப்புறம் பக்கத்து ஹோட்டலில் மூன்று பேரும் காபி சாப்பிட்டோம். யார் முதலில் இறங்கி வந்தார் என்று கேட்டால் அந்தப் பிள்ளையாருக்கே சொல்லத் தெரியாது.

இதைத்தான் சம்பந்தி கல்யாணத்தன்று காலையில் கேட்டார்.

சம்பந்தி நல்ல மனுஷர். ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்கிற இடத்தில் பிள்ளையோடு ஃப்ளாட்டில் இருக்கிறார். மாப்பிள்ளை சுமந்த்தும் ஜானவியும் அங்கே ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். சம்பந்தி ரிட்டயர் ஆனபிறகு ஏதோ ஒரு தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளரானதிலிருந்து அவர் பையில் எப்போதும் ஒரு பொன்னாடை இருக்கும். யாருக்காவது போர்த்தாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. காசி யாத்திரை முடிந்து, மாலை மாற்ற எல்லோரும் கூடி நிற்கும்போது மைக்கைப் பிடித்துவிட்டார்.

"பிரிஞ்சிருந்த ரெண்டு சகோதரர்கள் இந்தக் கல்யாணத்தால ஒண்ணு சேர்ந்திருக்கா. சேர்த்துவெச்ச புண்ணியவான் யாரோ, அவாளுக்கு இந்தப் பொன்னாடை. யாருன்னு சொல்லுங்கோ!"

ஜானவி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

வாத்தியார்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார். தாம் பண்ணச் சொன்ன ஹோமத்தின் பலன் என்றார். மன்னி, அதாவது பஞ்சு அண்ணாவின் மனைவி, "எங்காத்து மாமாவை நான் பாடுபட்டு இறக்கிக் கொண்டுவந்தேன்" என்றாள். அண்ணா அவளைக் கையமர்த்திவிட்டு முன்னால் வந்தார்.

"இதுல என்ன இருக்கு? நான் மூத்தவன். விட்டுக்கொடுத்தேன். அவ்வளவுதான்."

சேஷன் விடுவானா? "அண்ணா விட்டுக்கொடுத்தாரா? பின்னே நான் என்னவாக்கும் பண்ணினேன்? முதல்ல சரின்னு சொன்னது நான்."

"நீயா? முதல்ல சரின்னது நானாக்கும்."

"வேணும்னா அக்காவைக் கேளுங்கோ. அவதான் கூட இருந்தா."

மண்டபம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. அண்ணா என்றால் சேஷன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவான். சேஷன் என்றால் அண்ணா அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு கிளம்புவார். இரண்டு பேரும் இல்லை, நான் போட்ட கூச்சலுக்குப் பயந்துதான் என்று உள்ளதைச் சொன்னால், சம்பந்தி வீட்டார் முன்னால் இரண்டு பேருக்கும் மானம் போகும், இரண்டு பேரும் கிளம்புவார்கள். என் பெண் அங்கே தூக்க ஆளில்லாமல் நிற்பாள்.

நான் வாயைத் திறக்காமல் நிற்பதைப் பார்த்து மன்னிதான் ஆரம்பித்தாள். "அவளை என்ன கேக்கறது? நடுவுல இருந்துண்டு அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு சொல்லித்தானே இத்தனை வருஷம் இழுத்துது."

அண்ணா திரும்பி அவளைப் பார்த்தார். அப்புறம் சேஷனைப் பார்த்தார். வழி தெரியாமல் நின்றவருக்கு ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது அவர் முகம். "அதுவும் வாஸ்தவம்தான். நேருக்கு நேர் பேசிச் சம்சாரிச்சிருந்தா எப்பவோ தீர்ந்திருக்கும், இல்லையாடா சேஷா?"

"நானும் அதைத்தான் நினைச்சுண்டிருந்தேன், அண்ணா," என்றான் சேஷன். "நடுவுல ஆள் இருந்தா அப்படித்தான் ஆகும்."

பத்து வருஷத்தில் முதல்முறையாக இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அண்ணா அவன் தோளில் கையைப் போட்டார். வயிறு எரிந்தது எனக்கு. பாவிகளா, நான் பொறுக்கிப் போட்ட கல்லையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் ஒரு வீடே கட்டியிருக்கலாம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. எங்காத்துக்காரர் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு நிமிஷம்," என்று ஜானவி குரலை உயர்த்தினாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும், என் மாதிரி. மாலையைக் கீழே வைக்கப் போனவளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன்.

"வாயைத் திறக்காதே," என்றேன் அவள் காதில்.

"அம்மா, அவா என்ன சொல்றான்னு கேட்டியா நீ?"

"கேட்டாச்சு. எனக்காகப் பேசாம இரு."

அப்புறம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "ஆமா, தப்பு எம்மேலதான். எனக்குச் சாமர்த்தியம் போறலை. அவா ரெண்டு பேரும்தான் பெரிய மனசு பண்ணிச் சேர்ந்தா. நேரமாறது, தூக்குங்கோ."

சம்பந்திக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே பொன்னாடையை இரண்டு பேர் தோளிலும் சேர்த்துப் போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அண்ணாவும் தம்பியும் ஜானவியைத் தூக்கினார்கள். எதிரே சுமந்த்தை அவன் மாமாக்கள் தூக்கினார்கள். மேளம் கெட்டிமேளமாக முழங்கியது. அவள் மேலே இருந்தபடி மாலையை வீசினாள். நான் ஆசைப்பட்ட மாதிரியே எல்லாம் நடந்தது. ஜானவி மட்டும் சிரிக்கவில்லை. ஃபோட்டோக்காரர் மலையாளத்தில் எத்தனை தடவை கெஞ்சியும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியின்போது ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தது. சேஷன் வந்தான்.

"அக்கா, பந்தி ஆரம்பிச்சாச்சு, அண்ணாவைச் சாப்பிட வரச் சொல்லு."

அண்ணா பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

"நீயே போய்ச் சொல்லு," என்றேன்.

"கோவமா, அக்கா?"

"ஆமாண்டா. கோவம்தான். போ."

தயங்கித் தயங்கிப் போனான். போய் அண்ணாவிடம் குனிந்து என்னவோ சொன்னான். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அண்ணா என்னவோ சொல்ல, சேஷன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பிறகு தம்பி கையைக் கொடுக்க, அண்ணா அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும் சேர்ந்தே பந்திக்குப் போனார்கள்.

இனிமேல் அவர்கள் பிரிய மாட்டார்கள். குறை சொல்வதற்கு நான் ஒருத்தி இருக்கிறவரைக்கும் அந்தச் சமாதானத்துக்கு ஒரு குறையும் வராது.