பாட்டின் கடைசியில் ஒரு சத்தம்

1

இந்தக் கதை கணினி செத்துப்போனதில் தொடங்குகிறது என்று முதலில் எழுதினேன். அந்தச் சொல்லை இந்த வீட்டில் கணினிக்குச் செலவழிக்க வேண்டாம் என்று தோன்றியது. 'பழுதானதில்' என்று மாற்றினேன். மாற்றியதும் கதை தொடங்கும் இடமே மாறிவிட்டது. இப்போது அது என் மாமனாரின் போன் அழைப்பில் தொடங்குகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுதுபவன் இல்லை. துணி துவைக்கும் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றோடு அட்டைப்பெட்டிக்குள் வரும் கையேடுகளை எழுதுபவன். யாரும் படிப்பதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் எண் போட்டு எழுதுகிறேன். என் மனைவி இறந்துவிட்டாள். நோய். அந்தப் பகுதியை இதில் எழுதப் போவதில்லை. எங்கே விட்டுப்போயிற்று என்று தேட வேண்டாம்.

மகளைக் கடைசிவரை பாப்பா என்றே சொன்ன மாமனார் போனில் கேட்டது இதுதான்:

"மாப்ள, பாப்பா ஒரு பாட்டு சொன்னாளே, அது அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்குமா?"

2

பாட்டு என்றால் பாட்டு இல்லை. ஒருவர் தனியாக உட்கார்ந்து பியானோ வாசித்த பதிவு. அதில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. காதில் விழுவதையெல்லாம் பாட்டு என்பது மாமனாரின் வழக்கம். அது மகளுக்கும் வந்திருந்தது.

ஒருநாள் அவரிடம் போனில் சொன்னாள். நான் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு சத்தம் வரும்பா. கிறீச்சுனு. நாற்காலில இருந்து யாரோ எந்திரிக்கற மாதிரி. மனுஷனுக்குக் கடைசி வரைக்கும் உக்காரப் பொறுமையில்ல." அங்கே அவர் சிரித்தது இங்கே எனக்குக் கேட்டது. வரும்போது கேட்கவைக்கிறேன் என்றாள்.

அவர் வந்தபோது பேச்சு வேறாகிவிட்டிருந்தது. அவள் அதைக் கேட்கும் ஹெட்போன் யாருக்கும் நினைவில் இல்லை. அவருக்கு மட்டும் இருந்திருக்கிறது.

3

ஹெட்போனை எப்படி அறிமுகப்படுத்துவது என்று எழுதிப் பார்த்தவை:

அவள் அதை முதன்முதலாகக் காதில் வைத்தபோது உலகமே ஒரு கணம்

(வேண்டாம். உலகம் ஒன்றும் செய்யவில்லை. "ஏன் இவ்ளோ மெதுவா கேக்குது?" என்றாள். அவ்வளவுதான்.)

சாம்பல் நிற வெல்வெட் மெத்தை வைத்த அந்த ஹெட்போன், அவளுடைய மென்மையான

(இதுவும் வேண்டாம். அவள் மென்மையானவள் இல்லை. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரிப்பவள்.)

நடந்ததை எழுதிவிடுகிறேன். அவள் மூக்குக்கண்ணாடி போடுபவள். எந்த ஹெட்போன் போட்டாலும் கண்ணாடிக் காம்பைக் காதோடு சேர்த்து நசுக்கும். இந்த மெத்தை நசுக்கவில்லை. அதற்காக மட்டுமே வாங்கினாள். பெட்டியின்மேல் முந்நூறு ஓம்ஸ் என்று பெரிதாகவே போட்டிருந்தது. இருவரும் பார்த்தோம். கையேடு எழுதுகிறவன் கையேட்டைப் படிக்கவில்லை.

(குறிப்பு: ஒரு ஹெட்போன் எவ்வளவு பிடிவாதக்காரி என்று சொல்லும் எண்தான் ஓம்ஸ். கைப்பேசியோடு போட்டுக் கேட்பவற்றுக்கு முப்பது சொச்சம் இருக்கும். கணினிக்குள் இருக்கும் சவுண்ட் கார்டே அவற்றைச் சமாளித்துவிடும். முந்நூறுக்கு நடுவில் ஓர் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். இல்லாவிட்டால் ஒலியளவை நூறில் வைத்தாலும் பாட்டு பக்கத்து வீட்டிலிருந்துதான் வரும். மூன்று நல்ல சாமான்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருப்பதைவிட, ஒத்துப்போகும் மூன்று சுமாரான சாமான்கள் மேல் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள். சரியாகத்தான் எழுதுகிறார்கள்.)

எங்கள் வீட்டில் எதுவும் ஒத்துப்போகவில்லை. ஆம்ப்ளிஃபையர் வாங்கிவிடலாம் என்று பலமுறை சொன்னேன். "கேக்குது, போதும்" என்பாள். பாட்டைப் பெரிதாக்குவதற்குப் பதில் வீட்டைச் சிறிதாக்கினாள். ஜன்னலைச் சாத்துவாள். "ஏய், ஃபேன்" என்பாள். நான் நிறுத்துவேன். பிறகு படுக்கையறையில் கணினி முன்னால் அவள். திறந்த கதவுக்கு வெளியே, கூடத்து மடக்கு நாற்காலியில், வியர்த்துக்கொண்டு நான். புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினால்கூட உள்ளிருந்து "உஷ்" வரும்.

கணவனைப் பற்றி இவ்வளவு போதும். மாமனார் வந்துவிட்டார்.

4

ஒரு கைப்பையோடு வந்தார். பணி ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். பழைய கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எஞ்சின் சீஸ் ஆயிடுச்சா?" என்றார். ஆகிவிட்டது. நல்ல வேளையாக அந்தப் பதிவு ஒரு பென்டிரைவிலும் இருந்தது.

புதுக் கணினி வாங்கினேன். இந்தமுறையாவது முறைப்படி செய்வோம் என்று ஹெட்போனையும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போனேன்.

கடைக்காரர்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் வரைவில் அவர் நரைத்த தலையோடு வந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ஒலி என்பது காதில் இல்லை தம்பி என்று ஆரம்பித்தார். அடித்துவிட்டேன். அப்படிப் பேசிக்கொண்டு யாரும் கடைக்கு வாடகை கட்ட முடியாது. நிஜமான கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். எல்லோரையும் பிரதர் என்பார். நாம் யோசிப்பதற்குள் பெட்டியைப் பிரித்துவிடுவார். பிரித்தபின் வேண்டாம் என்று சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கும். அதுதான் அவருடைய தொழில் ரகசியம்.

ஹெட்போனைத் திருப்பி அதன் முதுகைக் காட்டினார். "இது ஓப்பன் டைப் பிரதர். பின்னாடி வெறும் வலைதான். உள்ள கேக்கறது வெளிய போகும், வெளிய நடக்கறது உள்ள வரும். பஸ்ல கிஸ்ல போட்டுக்காதீங்க."

"பஸ்ல நான் பாட்டு போட்டதேயில்ல" என்றார் மாமனார்.

ஓம்ஸ் கணக்கை அவருக்கு விளக்கினேன். சின்ன எஞ்சினில் முழுப் பாரம் ஏற்றி மேட்டில் ஏறுவது போல, அப்படித்தானே என்றார். அப்படித்தான். அந்த உவமையைக் கடைக்காரர் அடுத்து வந்த வாடிக்கையாளரிடம் தன்னுடையதாகச் சொல்லிவிட்டார். நானும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

5

மாமனாரைக் கணினி முன்னால் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தவர்போல் முதுகை நிமிர்த்திக்கொண்டார். ஆம்ப்ளிஃபையர் இருந்ததால் எதையும் சாத்த வேண்டியிருக்கவில்லை. ஃபேன் ஓடியது. ஜன்னல் திறந்திருந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன்.

முதல் ஸ்வரத்திலேயே அவர் முகம் மாறியது. ஹெட்போன் போட்டவர்கள் கத்துவதுபோல, "வண்டி நல்லா இழுக்குது மாப்ள!" என்றார். பாட்டு முடியும் நேரத்தில் முன்னால் குனிந்து புருவத்தைச் சுருக்கினார். ஓடும் பஸ்ஸில் எங்கிருந்தோ வரும் கிறீச்சொலியை அப்படித்தான் தேடியிருப்பார்.

முடிந்தது. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். மறுநாளும். நானும் கேட்டேன். வாசித்தவரின் கால் மிதியிலிருந்து எடுபடும் சத்தம்கூடத் துல்லியமாக இருந்தது. நாற்காலி இல்லை.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"என் காது போயிடுச்சா மாப்ள? இல்ல, பாப்பா சும்மா சொன்னாளா?"

(இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது இதுதான். அவள் கேட்கவைக்கிறேன் என்று சொன்ன ஒன்றைக் கேட்க வந்திருக்கிறார். அது இல்லையென்றால், காது பொய் அல்லது மகள் பொய். இரண்டில் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீடு திரும்ப வேண்டும்.)

6

மறுபடி கடைக்குப் போனேன், தனியாக.

"ஒரு மோசமான சவுண்ட் கார்டு வேணும்" என்றேன். "நல்லா கேக்கக் கூடாது."

கடைக்காரர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "நல்லா கேக்கக் கூடாதுன்னா ஹெட்போன் எதுக்கு பிரதர்?"

விளக்க முயன்றேன். அவள் கேட்டது மெதுவாகத்தான். அதனால் எப்படியோ, மெதுவாகக் கேட்டால் மட்டும் அது

(இந்த வாக்கியத்தை அங்கேயும் முடிக்கவில்லை.)

அவர் தடிமனான ஒரு வயரின் பெட்டியைப் பிரிக்கத் தொடங்கினார். நான் வெளியே வந்துவிட்டேன். எங்கள் மாடிப்படி ஏறும்போதுதான் உறைத்தது. ஒலியைக் குறைக்கப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. 'ஒலியைக் குறைக்கக் குமிழை இடப்பக்கம் திருப்பவும்.' நானே எழுதிய வாக்கியம். அச்சில் வந்திருக்கிறது.

7

மதியம். குமிழை இடப்பக்கம் திருப்பினேன், பாட்டு பக்கத்து வீட்டுக்குப் போகும்வரை. அப்போதுதான் ஃபேன் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று தெரிந்தது. நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். போய் ஃபிரிட்ஜையும் அணைத்தேன். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

அதன்பின் அறையில் எனக்கு வேலை இல்லை. கூடத்துக்கு வந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். பாட்டு ஓடும்போது நான் இருக்கும் இடம் அது.

வியர்த்தது. கழுத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. உடம்புக்கு அந்தப் பாட்டின் நீளம் மனப்பாடம். முடியப் போகிறது, எழுந்து ஃபேனைப் போடலாம் என்று எத்தனையோ மதியங்களில், எப்போதும் கொஞ்சம் முன்கூட்டியே எழுந்த உடம்பு.

எழுந்தேன். நாற்காலியின் கீல் கிறீச்சென்றது.

உள்ளேயிருந்து மாமனாரின் குரல், மிக மெதுவாக:

"கேட்டுச்சு மாப்ள."

நான் சுவிட்சில் கையை வைத்தபடி நின்றேன். போடவில்லை.

8

முடிவுகள் சில எழுதினேன்.

ஒன்றில் நான் சொல்லிவிடுகிறேன். மாமா, அது பாட்டில் இல்லை, அது நான். அவர் முகம் எப்படி ஆகும் என்று எழுதவேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

இன்னொன்றில் சொல்லவில்லை. காதும் நன்றாக இருக்கிறது, மகளும் சும்மா சொல்லவில்லை என்று அவர் ஊருக்குப் போகிறார். இது நல்ல முடிவு. ஆனால் அவர் மட்டும் போய்ச் சேர்கிறார். நான் அந்தச் சுவிட்சின் பக்கத்திலேயே நிற்கிறேன்.

ஏனென்றால் எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். அவளுக்குத் தெரியுமா?

பாட்டில்தான் அந்தச் சத்தம் இருக்கிறது என்று கடைசிவரை நம்பியிருக்கலாம். ஆனால் பக்கம் திருப்பினால் "உஷ்" சொல்லும் காது அது. நாற்காலி கிறீச்சிட்டதற்கு மட்டும் ஒருமுறைகூட "உஷ்" வந்ததில்லை. இதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

மனுஷனுக்குப் பொறுமையில்ல என்று போனில் சொன்னபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எழுத ஆசை. எழுத முடியாது. நான் அவளுக்கு முதுகைக் காட்டிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

9

மாமனார் எழுந்து வந்து ஹெட்போனை என்னிடம் நீட்டினார்.

"இப்ப நீங்க கேளுங்க. நான் அசையாம இருக்கேன்."

போய் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். வெல்வெட் மெத்தையில் கண்ணாடிக் காம்பு பதிந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. என் காதுக்கு அது இடம் மாறி உட்கார்ந்தது. அவர் கூடத்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்.

(உட்காருமுன் அதன் கீலை விரலால் ஒருமுறை தடவினார் என்று எழுதி அடித்திருக்கிறேன். தடவினாரா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனால் எந்தச் சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதிலேயே காலம் தள்ளியவர் அவர்.)

பாட்டு தொடங்கியது. பக்கத்து வீட்டில் யாரோ எனக்காக இல்லாமல் வாசிப்பது போல. அதன் இடைவெளிகளில் எங்கள் வீடு கேட்டது. குழாய். மாமனாரின் மூச்சு. இவ்வளவையும் கேட்டுக்கொண்டா அவள் பாட்டுக் கேட்டாள்?

முடியப் போகிறது. திரும்பிப் பார்க்கவில்லை. கூடத்தில் வெக்கை. அசையாமல் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். சொன்ன சொல்லைக் காப்பவர், கடைசிப் பயணி இறங்கும்வரை இருக்கையை விட்டு எழாதவர். அவர் எழுந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. எழவைக்க இந்தக் கதையில் எனக்கு அதிகாரம் இருக்கிறது. பயன்படுத்த மனம் வரவில்லை.

எனவே இங்கேயே நிறுத்துகிறேன். பாட்டில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நீங்கள் எதன்மேல் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஃபேன் ஓடினால் நிறுத்துங்கள். கொஞ்சம் முன்கூட்டியே எழுந்திருங்கள்.

நான் உஷ் சொல்ல மாட்டேன்.