கழுத்தைத் திருப்பிய மீன்

என் வீட்டுக்காரர் மீன் பேராசிரியர். கழுத்தே இல்லாத பிராணியை வைத்துக்கொண்டு முப்பது வருஷமாக மாணவர்களின் கழுத்தை அறுத்தவர். மீனின் தோள் எலும்பு மண்டையோட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். அதனால் தலையை மட்டும் தனியாகத் திருப்ப முடியாதாம். நம் முன்னோர்கள் தண்ணீரை விட்டுக் கரையேறிய காலத்தில்தான் கழுத்து என்ற ஒன்றே வந்ததாம். கல்யாணமான மறுநாளே இதையெல்லாம் என்னை உட்கார வைத்து விளக்கினார்.

துறைத்தலைவர் பதவிக்கு நேர்காணல் நடந்த அன்று மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆய்வுக்கூடத்தில் மீன்தொட்டியைச் சுற்றித் தேர்வுக்குழுவினர் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வந்தது வந்தாச்சு, நீங்களும் உக்காருங்கம்மா" என்றார் குழுத்தலைவர்.

இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மீனுக்குக் கழுத்து கிடையாது" என்று ஆரம்பித்தார். தொட்டியிலிருந்த மீன் உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பி இவரைப் பார்த்தது.

யார் முகத்திலும் ஈயாடவில்லை.

"தண்ணிதான் அசைஞ்சிருக்கும்" என்றார் குழுத்தலைவர்.

"இல்ல சார், திரும்பிச்சு" என்றார் இவர்.

"திரும்பாதுன்னு சொல்லித்தானே இத்தனை வருஷமா சம்பளம் வாங்கினீங்க? இப்ப திரும்பிச்சுன்னா உங்கள வீட்டுக்குத்தான் அனுப்பணும்."

உடனே ஓட்டெடுப்பு. மீன் திரும்பவில்லை என்று நினைப்பவர்கள் கையைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு கையாக எழும்பியது. ஒவ்வொரு முறையும் மீன் அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பி, ஆள் யாரென்று பார்த்துக்கொண்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"நீங்களும் ஒரு தடவ கையத் தூக்கிடுங்க, பதவி உங்களுக்குத்தான்" என்றார் குழுத்தலைவர்.

இவர் கையைத் தூக்கவில்லை. "தூக்கித் தொலைங்களேன்! மீனா நமக்குச் சோறு போடப் போகுது?" என்று கத்திவிட்டேன். இத்தனை காலமும் மீன்தான் சோறு போட்டது என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

இவர் தொட்டியருகே போய்க் குனிந்தார். மீன் நிமிர்ந்து பார்த்தது.

"நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடு" என்றார்.

வேலை போயிற்று. ஒரு பெட்டி நிறைய மீன் எலும்போடு வீட்டுக்கு நடந்தோம். வழியெல்லாம் நான் வாயே திறக்கவில்லை. வேலை போன வருத்தம் என்று நினைத்து, "பாத்துக்கலாம், விடு" என்று தேற்றினார்.

மண்ணாங்கட்டி வருத்தம்! கட்டிய நாளிலிருந்து என்னிடம் ஒரு முறைகூடத் தப்பை ஒத்துக்கொள்ளாத மனுஷன், போயும் போயும் ஒரு மீனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறார். எனக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது.