ஆயிரமாவது வாக்காளர்

கொரியாவில் ஹாவோல் என்றொரு ஊர். அதன் நகரத் தலைவர் தேர்தலில் எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று ஜெபசிங் முன்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு ஆயிரம் பேருக்குப் போன் செய்ய வேண்டும். எந்த எண்ணுக்குப் போட்டாலும் அவன் மனைவி சுகிர்தாதான் எடுத்தாள்.

இதில் தவறொன்றும் இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். எண்களைக் குலுக்கிப் போட்டுத்தான் எடுத்திருந்தார்கள். குலுக்கலில் யார் வேண்டுமானாலும் வரலாம். ஆயிரம் தடவையும் அவளே வந்திருந்தாள், அவ்வளவுதான்.

"வணக்கம். கருத்துக்கணிப்பு நிலையத்திலிருந்து பேசுகிறோம். உங்கள் வயது?"

"அறுவத்தி மூணு. ஆம்பள. கணவா மீன் பிடிக்கேன்."

"நகரத் தலைவர் தேர்தலில் யாருக்கு வாக்களிப்பீர்கள்?"

"ஒண்ணாம் நம்பருக்கு. அவரு அப்பாவ எனக்குத் தெரியும்."

அடுத்த போனில் அவளுக்குப் பத்தொன்பது வயது. நர்சிங் படித்தாள். இரண்டாம் எண் கட்சிக்குப் போடுவதாகச் சொன்னாள். அதற்கடுத்த போனில் அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், பஸ் ஓட்டுகிறவன், இன்னும் முடிவு செய்யாதவன். குரல் மட்டும் சுகிர்தாவின் குரல், பேச்சு திருநெல்வேலிப் பேச்சு. கொரியக் கடலில் கணவாய் பிடிக்கிறவர் இப்படிப் பேசுவதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஜெபசிங் கட்டம் பார்த்து டிக் அடித்துக்கொண்டே போனான்.

அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் சுகிர்தாவுக்கு உடனே விக்கல் வரும். இத்தனை போனில் ஒரு விக்கல்கூட வரவில்லை.

அவள் வீட்டைவிட்டுப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. காரணம் ஒரு தபால் உறை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் நிரந்தரமாக இருக்க அனுமதி வாங்கி மூன்று வருடம் ஆகிவிட்டால் உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுப் போடலாம். அப்படி அவள் பெயருக்கும் ஓட்டு இருக்கிறது என்று தபால் வந்தது. 'ஹாவோலின் நிரந்தரவாசி சுகிர்தா ஜெபசிங் அவர்களுக்கு' என்று மேலே அச்சடித்திருந்தது. தான் நிரந்தரமாகிவிட்ட சங்கதி அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அனுமதிக்கான படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. 'உங்கள் மனைவி இங்கேயே இருக்க விரும்புகிறாரா?' ஜெபசிங் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்துவிட்டிருந்தான். ஊரே என்ன நினைக்கிறது என்று சொல்லத் தெரிந்தவன், சொந்தப் பெண்டாட்டி நினைப்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று எண்ணிவிட்டான், கிறுக்கன்.

"யாரக் கேட்டுப் போட்டிய?" என்றாள் சுகிர்தா.

"நீ ஆமான்னுதான சொல்லிருப்ப."

"சொல்லிருப்பேன். கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

உறையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கே தங்கியிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. போனில் கேட்கவும் முடியாது. கணிப்பு எடுக்கிறவன் கேள்வித்தாளில் உள்ளதை மட்டும்தான் கேட்கலாம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவள் 'அலோ' என்றதும் அவனுக்கு நெஞ்சு குளிர்ந்துவிடும். அதற்காகவே கேள்விகளை மெதுவாக வாசித்தான்.

மேலாளர் பேக் நல்ல மனிதர். அவருடைய இடது கால் ஒன்றாம் எண் கட்சி, வலது கால் இரண்டாம் எண் கட்சி. எந்தக் கட்சிக்கு ஆதரவு கூடுகிறதோ அந்தக் கால் வளர்ந்துவிடும். காலையில் ஒரு பக்கம் சாய்ந்து வந்தவர் மதியம் மறுபக்கம் சாய்ந்து போவார். அவருடைய பேண்டைப் பிரித்துத் தைக்கவே அலுவலகத்தில் ஒரு தையல்காரர் இருந்தார்.

அன்று புதன்கிழமை. தேர்தலுக்கு முந்தைய ஆறு நாளும் கணிப்பு எதையும் வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். அதனால் சாயங்காலம் ஆறு மணிக்குள் முடித்தாக வேண்டும். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது போன் முடிந்திருந்தது. ஒன்றாம் எண்ணுக்கு நானூற்றைம்பது, இரண்டாம் எண்ணுக்கு நானூற்றைம்பது, முடிவு செய்யாதவர்கள் தொண்ணூற்றொன்பது. மேலாளர் பேக் நேராக நின்றுகொண்டிருந்தார்.

"இப்படியே இருந்துவிடலாம் போலிருக்கிறது," என்றார். "ஆனால் சமம் என்று சொன்னால் டிவிக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்."

"தாளில் இல்லாத கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும்?"

"ஆயிரம் தாளும் வெள்ளையாகிவிடும். உங்கள் நாற்காலியும் போய்விடும்."

"அப்புறம்?"

"நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்."

ஜெபசிங் கடைசி எண்ணை அழுத்தினான்.

"உங்கள் வயது?"

"முப்பத்தேழு. பொம்பள." அரிசி களைகிற சத்தம் கேட்டது. "சொந்த ஊரு நாசரேத்து."

இந்தத் தடவை கணவாய் பிடிக்கிறவர் யாரும் இல்லை. சுகிர்தாவே பேசினாள்.

"நகரத் தலைவர் தேர்தலில் யாருக்கு வாக்களிப்பீர்கள்?"

"நீங்களே எழுதிக்கிடுங்க. உங்களுக்குத்தான் தெரியுமே."

அவனுக்குத் தெரியத்தான் செய்தது. ஒன்றாம் எண் வேட்பாளர் மழையில் நாற்சந்தியில் நின்று, போகிற காருக்கெல்லாம் இடுப்பு வளையக் கும்பிட்டுக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். 'பாவம், இடுப்பு என்னத்துக்கு ஆகும்' என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேனா ஒன்றாம் எண் கட்டத்துக்குப் போய்விட்டது. எதிரே மேலாளரின் இடது கால் ஒரு விரற்கடை வளர்ந்தது.

ஜெபசிங்குக்கு வெட்கமாகிவிட்டது. பேனாவைக் கீழே வைத்தான்.

"சுகி," என்றான். "நீ இங்கயே இருக்கணும்னு நெனைக்கியா?"

தாள்கள் மேலிருந்து கீழாக வெளுத்தன. நாற்காலி போய்விட்டது. மேலாளர் பேக்கின் கால்கள் ஐம்பது வயதுக்காரரின் சாதாரணக் கால்களாகிவிட்டன. இரண்டு அடி நடந்து பார்த்தார். ஜெபசிங்கின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

"இது உங்க பேப்பர்ல இல்லியே," என்றாள் சுகிர்தா.

"இல்ல."

"மூணு வருசங் கழிச்சுக் கேக்கிய."

"தப்புப் பண்ணிட்டேன், சுகி. கேட்டிருக்கணும்."

"ஆமா, இல்லன்னு ரெண்டுல ஒண்ணுதான் சொல்லணுமோ?"

"எப்படி வேணும்னாலும் சொல்லு."

"அப்ப நான் யோசிக்கணும். போன வச்சிராதீங்க."

அவன் வைக்கவில்லை. அடுத்த புதன்கிழமை தேர்தல் வந்தது. அந்த அறையே வாக்குச்சாவடியானது. வரிசையில் நின்றவர்கள் போன் வயரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஜெயித்த கட்சியின் லாரி பாட்டுப் போட்டு நன்றி சொல்லிக்கொண்டு போனது. தோற்ற கட்சியின் லாரியும் பாட்டுப் போட்டு நன்றி சொன்னது. எது எந்த லாரி என்று அவன் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு அலுவலகத்தைக் காலி செய்துவிட்டுப் பல் டாக்டர் ஒருவர் அங்கே வந்தார். வீங்கிய கன்னத்தோடு வந்தவர்கள் ஜெபசிங்கைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அவள் என்ன சொல்லுவாள் என்று பழக்க தோஷத்தில் யோசித்துப் பார்த்தான். ஒன்றுமே தட்டுப்படவில்லை. அவளோடு வாழ்ந்த பதினான்கு வருடத்தில் இப்படி ஆனதே இல்லை. பயமாக இருந்தது. அவள்மேல் கொள்ளை ஆசையாகவும் இருந்தது.

"இருக்கியளா?" என்றாள் சுகிர்தா.

"இருக்கேன்."

"சொல்லுதேன். கொஞ்சம் நீளமா வரும். குறுக்க பேசப்படாது."

அவன் பேசவில்லை.